கழிச்சலா, அடைப்பா: சீக்குக் கோழியைத் தேற்றி எடுக்க முழு வழிகாட்டி

கோழி தன் நோயைக் கடைசி வரை காட்டிக்கொள்ளாது. சோர்ந்து நின்றால் கூட இருக்கும் கோழிகளே கொத்தித் துரத்தும் என்பதால், உடம்பு முடியாதபோதும் மற்றவற்றோடு சேர்ந்து குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும். ஆனால் எதையும் விழுங்காது. இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளுக்கிழுத்து, கண்ணை மூடி ஓரமாக நிற்பது நம் கண்ணில் படும்போது அது ஒழுங்காகத் தின்று ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகியிருக்கும்.

நம்ம சேலம் பக்கம் அந்தக் கட்டத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். "சாகறதுக்குள்ள அடிச்சுக் கொழம்பு வெச்சிரலாம்" என்று யாராவது கத்தியை எடுப்பார்கள். இல்லையென்றால் மருந்துக் கடைக்குப் போய் "கோழிக்குக் கழிச்சல்" என்று ஒரே வார்த்தை சொல்லி, ஆன்டிபயாடிக் பொடி ஒன்றும் டானிக் ஒன்றும் வாங்கி வந்து தண்ணீரில் கலக்குவார்கள். இரண்டும் வேண்டாம். சீக்குக் கோழியை அறுத்துச் சுத்தம் செய்கிற கைக்கும் அடுப்படிக்கும் அதன் கிருமி வரும். கழிச்சலிலோ ஏகப்பட்ட வகை. வைரஸ் கழிச்சலை ஆன்டிபயாடிக் தொடவே தொடாது. இரைப்பையில் பூஞ்சை பிடித்த கோழிக்கு அதே மருந்து நோயை வளர்த்துவிடும்.

முதலில் சூடு, அடுத்து தண்ணீர், அப்புறம் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது, கடைசியில் மருந்து. கீழே எல்லாம் இந்த வரிசையில்தான்.

முதல் ஒரு மணி நேரம்

கோழியைப் பிடித்துத் தனியே வையுங்கள். மாலையில் அடையும்போது பிடித்தால் ஓட்டமும் படபடப்பும் இருக்காது. இரண்டு இறக்கைகளையும் உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது ஊர்ப் பழக்கம். வயிற்றுக் கோளாறு உள்ள கோழிக்கு அது எமன். இரைப்பையில் இருக்கும் புளித்த தண்ணீர் வாய் வழியாக வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்தாலும் சரி, பெரிய அட்டைப்பெட்டி என்றாலும் சரி. அடியில் உமியோ மரத்தூளோ போடாதீர்கள். பழைய செய்தித்தாளை விரியுங்கள். அடுத்த சில நாளைக்கு எச்சம்தான் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே சோதனை அறிக்கை, அது தெளிவாகத் தெரிய வேண்டும். பேப்பரைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். மாற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் மருத்துவரிடம் காட்ட உதவும்.

கோழியின் உடல் சூடு நம்மைவிட அதிகம், 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். தீனி உள்ளே போகாவிட்டால் அந்தச் சூட்டைக் காப்பாற்ற முடியாமல்தான் இறகைச் சிலிர்த்துக்கொள்கிறது. அதனால் சீக்குக் கோழிக்கு 27 முதல் 30 டிகிரி வரை சூடுள்ள இடம் தேவை. ஏற்காட்டிலும் நாகலூர், வாழவந்தி போன்ற மலைக் கிராமங்களிலும் மார்கழி, தை மாதக் குளிரில் வெளிக்கூண்டில் விட்ட சீக்குக் கோழி விடியும்வரை தாங்குவது கஷ்டம். வீட்டுக்குள் கொண்டுவந்து, பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் வெளிச்சம் படும்படி 40 அல்லது 60 வாட் குண்டு பல்பை ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். எல்இடி பல்பு சூடு தராது. கரண்ட் இல்லையென்றால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். மறுமூலை சூடில்லாமல் இருக்கட்டும், வேண்டியபோது அது தானே நகர்ந்துகொள்ளும்.

கீழே சேலத்தில் சித்திரை வெயிலில் கதை தலைகீழ். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி நின்றால் அதற்குப் பல்பு தேவையில்லை. நிழல், காற்று, குளிர்ந்த தண்ணீர்தான் தேவை. வெயில் தாங்காமல் நிறையத் தண்ணீர் குடித்த கோழி தண்ணியாகத்தான் கழியும். தீனி தின்கிறது, கொண்டை சிவப்பாக இருக்கிறது, நடமாட்டம் சரியாக இருக்கிறது என்றால் அதைக் கழிச்சல் நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர்

ஒரு வேளை பட்டினியைக் கோழி தாங்கும், தண்ணீர் இல்லாததைத் தாங்காது. கழிந்துகொண்டிருக்கும் கோழி என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டை, அதில் போட்டிருக்கும் அளவைப்போல் இரு மடங்கு தண்ணீரில் கரையுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட் என்றால் இரண்டு லிட்டர். உப்பு கூடினால் கோழிக்கு ஆகாது என்பதால் இந்தக் கணக்கு. பக்கத்திலேயே இன்னொரு கிண்ணத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும். கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

தானாகக் குடிக்காவிட்டால் ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த சொட்டு. ஒரு தடவைக்கு 5 மில்லியிலிருந்து 10 மில்லி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் போதும். வாயைப் பிளந்து பீச்சி அடிக்கவே கூடாது. கோழியின் மூச்சுக்குழாய் வாசல் நாக்குக்கு அடியொட்டி, பின்னால் இருக்கிறது. பீச்சினால் நேராக அதற்குள் போகும். "மருந்து ஊத்தினேன், அஞ்சு நிமிஷத்துல செத்துப்போச்சு" என்கிற புலம்பல்களில் பல இப்படி வந்தவைதான்.

தலையை நிமிர்த்தக்கூட முடியாத கோழிக்கு வாய் வழியாக எதையும் கொடுக்காதீர்கள். சூட்டில் வைத்து நேரே மருத்துவரிடம் போங்கள்.

விடியற்காலையில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள்

கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு வலப்பக்கம் ஒரு பை கைக்குத் தட்டுப்படும். அதுதான் இரைப்பை, தீனிப்பை என்றும் சொல்வார்கள். தின்றது முதலில் இங்கே தங்கி ஊறி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். அங்கே கெட்டியான தசையால் ஆன அரைவைப்பை, விழுங்கிய சிறு கற்களை வைத்துத் தானியத்தை அரைக்கும். பல் இல்லாத பறவைக்கு அதுதான் அம்மி.

கோழி வளர்ப்பவர் ஒரே ஒரு சோதனையைக் கற்றுக்கொள்வதென்றால் இதைக் கற்றுக்கொள்ளலாம். நல்ல கோழிக்கு மாலையில் இரைப்பை நிறைந்திருக்கும், காலையில் தீனி வைக்கும் முன் காலியாக இருக்கும். ஆகவே இரவு தீனியை எடுத்துவிட்டு, தண்ணீரை மட்டும் விட்டுவைத்து, விடிந்ததும் முதல் வேலையாகத் தொட்டுப் பாருங்கள்.

காலியாக இருந்தால் இரைப்பையில் கோளாறில்லை. பிரச்சினை அதற்கும் கீழே, குடலிலோ வேறெங்கோ. நேரே எச்சத்தைப் பற்றிச் சொல்லும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

கெட்டியாக, உருண்டையாக, அழுத்தினால் மசியாமல் இருந்தால் அடைப்பு. நீளமான காய்ந்த புல், வைக்கோல், நார், பிளாஸ்டிக் பை துண்டு இவைதான் வழக்கமாகக் காரணம். நம்ம ஊரில் இன்னொன்றும் உண்டு: நூல். இளம்பிள்ளை, தாரமங்கலம், அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓடும் வீடுகளில் வாசலைக் கூட்டித் தள்ளும் குப்பையில் நூல் துண்டு இல்லாமல் இருக்காது. கோழிக்கு அது புழுவாகத் தெரிகிறது போல. கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீடுகளில் கம்பித் துண்டும் உலோகத் துகளும் கிடக்கும். மினுங்குகிற எதையும் கோழி கொத்தும், கூரானது உள்ளே குத்திக் கிழிக்கும். பட்டறைக் குப்பை கோழி மேயும் பக்கம் வரவே கூடாது.

அடைப்பு என்றால் தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, கோழியை நிமிர்ந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு, விரல் நுனியால் அந்த உருண்டையை ஓரத்திலிருந்து மெல்லப் பிசைந்து உடையுங்கள். ஐந்து நிமிடம் போதும். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை செய்யலாம். மேல்நோக்கி, தொண்டைப் பக்கம் தள்ளக் கூடாது. எண்ணெய் கொடுக்கச் சொல்வார்கள். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ அரை ஸ்பூன் கொடுக்கலாம்தான், ஆனால் வாயில் ஊற்றாதீர்கள்; எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் பிழைக்காது. குழைந்த சாதம் ஒரு சிட்டிகை எடுத்து அதில் எண்ணெயைப் பிசைந்து, தானாகத் தின்றால் தின்னட்டும்.

ஒரு முழு நாள் இப்படிச் செய்தும் உருண்டை இளகவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தை அதோடு விட்டுவிடுங்கள். கால்நடை மருத்துவர் தோலையும் இரைப்பையையும் சிறிதாகக் கீறி, உள்ளே இருப்பதை எடுத்து, தைத்துவிடுவார். சரியான நேரத்தில் செய்தால் பெரும்பாலும் தேறிவிடும். பிளேடு வைத்துத் தாங்களே அறுத்து ஊசி நூலால் தைப்பவர்கள் கிராமத்தில் இருக்கிறார்கள். சிலருக்குக் கைகூடியும் இருக்கலாம். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மயக்க மருந்து இல்லாமல் அந்த உயிர் படும் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

வாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை நாக்கின் அடியில் சுற்றியிருக்கலாம், குடல் வரை போயிருக்கலாம். நாக்கைத் தூக்கிப் பார்த்து, சுற்று கண்ணுக்குத் தெரிந்தால் சின்னக் கத்தரியால் வெட்டிவிடலாம். தெரியவில்லை என்றால் மருத்துவர்தான்.

மூன்றாவது நிலை, இரைப்பை தளதளவென்று நீர் கோத்து, வாயருகே முகர்ந்தால் புளித்த நாற்றம் அடிப்பது. உள்ளே தங்கியது நொதித்து, பூஞ்சை பெருகிவிட்டது. நுரைத்த தண்ணீர் அலகிலிருந்து ஒழுகும். இந்தச் சீக்கு நம்ம மாவட்டத்தில் வருவதற்கு ஒரு வழி, ஜவ்வரிசி ஆலைத் திப்பி. மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுத்த பிறகு மிஞ்சும் நார்ச் சக்கை. நன்றாகக் காய்ந்த திப்பியைத் தீனியோடு கொஞ்சம் கலந்தால் குற்றமில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஈரத் திப்பியை மூட்டையில் கட்டி வைத்து, இரண்டு நாள் கழித்துப் போட்டால் அது புளித்துப் பூஞ்சை பிடித்திருக்கும். பச்சைக் கிழங்குத் தோலும் இலையும் இன்னும் மோசம். அவற்றில் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. மலை மேலே இதே வேலையைச் செய்வது காப்பிப் பழத் தோல் குவியல். அறுவடை சமயத்தில் தோட்டத்து ஓரம் குவித்து வைத்தது புளித்து, புழு வைக்கும். புழுவுக்காகக் கோழி போய்க் கிளறும்.

புளித்த இரைப்பைக்கு முதல் 12 மணி நேரம் தீனியே வேண்டாம், தண்ணீர் மட்டும். எப்படி இருந்தாலும் 24 மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடக் கூடாது. அதன்பிறகு ஒரு ஸ்பூன் அளவு மிருதுவான தீனி, அது இறங்கியதும் அடுத்த ஸ்பூன். வெல்லம், சர்க்கரை, தேன், பிரட் எல்லாம் பூஞ்சைக்கே தீனி. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. ஏன் கூடாது என்று மேலேயே சொல்லிவிட்டேன். பூஞ்சைக்கு நிஸ்டாட்டின் என்ற மருந்து இருக்கிறது. அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

மோர் கொடுக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். பாலில் உள்ள சர்க்கரையைக் கோழியால் செரிக்க முடியாது, நிறையக் கொடுத்தால் இன்னும் கழியும். தேறி வரும் நாளில் தீனியில் ஒரு ஸ்பூன் புளித்த தயிர் கலப்பதில் தப்பில்லை. அதையே மருந்தென்று நம்பி உட்கார்ந்திருப்பதுதான் தப்பு.

எச்சத்தைப் படிப்பது எப்படி

நல்ல எச்சம் பழுப்பிலோ கரும்பச்சையிலோ ஓரளவு கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்தாற்போல் இருக்கும். அந்த வெள்ளைதான் கோழியின் சிறுநீர். எட்டு, பத்து எச்சத்துக்கு ஒருமுறை, பசை மாதிரி, கரும்பழுப்பாக, குமட்டும் நாற்றத்தோடு ஒன்று வரும். குடல் வாலிலிருந்து வருவது அது. அதைப் பார்த்துப் பயந்து மருந்து கொடுப்பவர்கள் உண்டு, அது சாதாரணம். அடைகாக்கும் கோழி ஒரு நாள் எச்சத்தை அடக்கி வைத்து மொத்தமாகப் போடும். அந்த நாற்றத்துக்கும் மருந்து கிடையாது.

பச்சைத் தண்ணீர் மாதிரி எச்சம் என்றால் பல நேரம் தீனி தின்னவில்லை என்று அர்த்தம். காலிக் குடலில் பித்தம் மட்டும் இறங்குகிறது. ஆனால் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணியாகப் பீய்ச்சுகிறது, மூச்சு இழுக்கிறது, கழுத்தைத் திருகுகிறது, காலோ இறக்கையோ விழுந்துவிட்டது, கூட இரண்டு மூன்று கோழிக்கும் அதே நிலை என்றால் வெள்ளைக் கழிச்சல். புத்தகங்களில் ராணிகெட் என்று இருக்கும். இமயமலைப் பக்கம் ராணிகெட் ஊரில் 1920களின் கடைசியில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். இது வைரஸ், மருந்தே கிடையாது. கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள் அரைத்து உருண்டை பிடித்துக் கொடுப்பது நம்மிடம் பரவலாக இருக்கிறது. கொடுங்கள், ஆனால் அது வைரஸைக் கொன்றுவிடும் என்று நினைத்து, மீதிக் கோழிகளைப் பிரித்து வைக்காமலும் மருத்துவருக்குச் சொல்லாமலும் இருந்துவிடாதீர்கள். இதற்கு உண்மையான வைத்தியம் தடுப்பூசி மட்டுமே: குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, நான்காவது வாரத்தில் மறுபடி, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை புழக்கடைக் கோழிகளுக்கு இலவச முகாம் போடுகிறது, பெரும்பாலும் பிப்ரவரியில். ஊர் கால்நடை மருந்தகத்தில் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சத்தில் ரத்தம் என்றால் முதலில் வயதைப் பாருங்கள். மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குஞ்சு, அதுவும் ஐப்பசி அடைமழையில் கூண்டு ஈரம் காயாத நாட்களில் என்றால், ரத்தக் கழிச்சலாகத்தான் இருக்கும். குடல் சுவரைத் தின்னும் ஒட்டுண்ணி அது. ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுப்பார்கள்; தொடக்கத்திலேயே கொடுத்தால் நன்றாகக் கேட்கும். கலக்கும் அளவு பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும் என்பதால் லேபிளையும் மருத்துவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மருந்து கொடுக்கும் நாட்களில் வேறு தண்ணீர் வைக்கக் கூடாது, பி காம்ப்ளெக்ஸ் டானிக்கும் கொடுக்கக் கூடாது. ஒட்டுண்ணிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் செய்துதான் ஆம்ப்ரோலியம் வேலை செய்கிறது. நீங்கள் அதே வைட்டமினை ஊற்றிக் கொடுத்தால் மருந்து வீண். கடைக்காரர் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுப்பது நடக்கத்தான் செய்கிறது.

வளர்ந்த கோழி நன்றாகத் தின்றும் இளைக்கிறது, நெஞ்செலும்பு கத்தி மாதிரி கைக்குத் தட்டுப்படுகிறது, கொண்டை வெளுத்திருக்கிறது, அவ்வப்போது தண்ணியாகக் கழிகிறது என்றால் குடற்புழு. சில நேரம் எச்சத்திலேயே வெள்ளையாக நீளப் புழு தெரியும், அல்லது அரிசி அளவில் நாடாப்புழுத் துண்டு தெரியும். இரண்டுக்கும் ஒரே மருந்து கேட்காது. பைப்பரசின் உருண்டைப் புழுவை மட்டும்தான் தள்ளும். அதனால் எச்சத்தை ஒரு சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டுபோய்ப் பரிசோதித்துவிட்டு மருந்து கேளுங்கள். கோழியை எடை போட்டுக்கொண்டு போனால் நல்லது, அளவு எடைக்குத்தான்.

பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முக்கி முக்கி நிற்கும் கோழிக்கு மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தேடுவார்கள். முட்டையிடும் கோழி வாலை ஆட்டி ஆட்டி முக்கினால் முட்டை சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைய இருபது நிமிடம் உட்கார வைத்து, துடைத்து, இருட்டான சூடான இடத்தில் விடுங்கள். சில மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் மருத்துவமனை. அழுத்தித் தள்ளாதீர்கள், உள்ளே உடைந்தால் காப்பாற்ற முடியாது.

மருத்துவரிடம் எப்போது

ஒரு நாளில் துளிகூட முன்னேற்றம் இல்லை, ரத்தம், கழுத்துத் திருகல், மூச்சிரைப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட கோழி என்றால் காத்திருக்க வேண்டாம். ஊர் கால்நடை மருந்தகத்தில் காலையிலேயே போய்விடுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். மலையிலிருந்து வருபவர்கள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும் என்பதால், காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், கிளம்பும் முன் தீனி கொடுக்காமல் கொண்டு வாருங்கள். கோழிக்கென்றே ஆழ்ந்த அனுபவம் உள்ள மருத்துவர் வேண்டுமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். சேலம் மாவட்டத்துக்குள்ளேயே தலைவாசலிலும் இப்போது ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தோலும் இறகும் கலையாமல் செத்துப்போன கோழியையும் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை கேட்கலாம். மிச்சக் கோழிகளைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று விழுந்தால் தொடவே வேண்டாம். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், முதலில் தகவல் சொல்லுங்கள்.

ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று முடிவு செய்வது அவர் வேலை. கடையில் பழைய ஸ்டாக் என்று கொலிஸ்டின் கொடுத்தால் வாங்காதீர்கள். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்து அது. கோழி, கால்நடைகளுக்கு அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் மத்திய அரசு 2019லேயே தடை செய்துவிட்டது. எந்த மருந்து கொடுத்தாலும் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாட்களின் முட்டையைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கக் கூடாது.

தேறும் நாட்களில் தீனி

குழைய வடித்த சாதத்தில் வேகவைத்த முட்டை மஞ்சள் கருவை உதிர்த்துப் போட்டால் பெரும்பாலான கோழிகள் மறுக்காது. முட்டையைக் கோழிக்கே கொடுப்பதா என்று முகம் சுளிக்காதீர்கள், வேகவைத்தால் அதுவே எளிதில் செரிக்கும் புரதம். கெட்டியான கேழ்வரகுக் களியை உதிர்த்துப் போடலாம். குஞ்சுத் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்தும் கொடுக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு நான்கைந்து வேளை; தின்றது போக மீந்ததை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். காலையில் இரைப்பை காலியாவது தொடர்ந்து இரண்டு மூன்று நாள் நடந்த பிறகு அரிசிக் குருணை, அதற்கப்புறம் கம்பு, கடைசியாகச் சோளம், மக்காச்சோளம். முழுத் தானியம் தொடங்கும்போது ஒரு கிண்ணத்தில் சிறு மணற்கல்லும் வையுங்கள். கூண்டிலேயே அடைபட்ட கோழிக்கு அரைக்கக் கல் கிடைத்திருக்காது. முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கிப் போடலாம், காம்போடு கட்டித் தொங்கவிட வேண்டாம்.

மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் பூசணம் பிடித்திருந்தால் மாட்டுக்கும் போடாதீர்கள், எருக்குழியில் கொட்டுங்கள். பூசணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கழுவினாலோ காயவைத்தாலோ அது போகாது.

தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள், காலையில் தீனிக்கு முன். கண்ணுக்குக் கோழி தெளிந்தமாதிரி தெரியும், தராசு வேறு சொல்லும். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது.

கூண்டும் கூட்டமும்

நோய் கழிச்சலில் வந்ததென்றால் பழைய கூண்டைச் சுத்தம் செய்யாமல் உள்ளே விடாதீர்கள். ரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணியின் முட்டைக்கு ஃபினாயில் ஒன்றும் செய்யாது. பிளீச்சிங் பவுடருக்கும் அசையாது. பழைய உமியை மொத்தமாக அள்ளி வெளியேற்றி, தரையைச் சுரண்டி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, நல்ல வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு பூசினால்தான் அடங்கும். ஈரம்தான் அதற்கு உயிர். மலையில் வெயில் கிடைக்காத மாதங்களில் கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, அடியில் வலை அடித்து, எச்சம் கீழே விழும்படி செய்துவிடுவது நல்ல ஏற்பாடு. சீக்குக் கோழியைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த கோழியைத் தொட வேண்டும், அடுப்படிக்கும் போக வேண்டும். குழந்தைகள் கொஞ்சுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். செத்த கோழியை ஓடையிலோ கிணற்று மேட்டிலோ வீசாமல் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடுங்கள்.

தேறிய கோழியைத் திடுதிப்பென்று கூட்டத்தில் விட்டால் மற்றவை புதுக்கோழியைப் போலவே கொத்தி எடுக்கும். ஒரு வாரம் பஞ்சாரத்தோடு கூட்டத்துக்கு நடுவில் வையுங்கள். பார்த்துப் பழகட்டும், கொத்த முடியாது. அப்புறம் இருட்டிய பிறகு, எல்லாம் அடைந்த நேரத்தில் தூக்கிக் கொண்டுபோய் மற்றவற்றின் பக்கத்தில் உட்கார வையுங்கள். தீனியை இரண்டு இடத்தில் வைத்தால் அதை விரட்டிவிட்டு ஒன்றே முழுவதையும் தின்ன முடியாது. முட்டைக்கு அவசரப்படாதீர்கள். உடம்பு இழந்ததை ஈடுகட்டிய பிறகுதான் முட்டை வரும், அதற்குச் சில வாரம் பிடிக்கும். இடையில் இறகு உதிர்த்தால் இன்னும் தள்ளிப்போகும். முதலில் வருவது தோல் முட்டையாக இருந்தால், உலர்த்திப் பொடித்த முட்டை ஓட்டையோ கிளிஞ்சலையோ தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், வேண்டிய அளவு அதுவே எடுத்துக்கொள்ளும்.